நாலு நாள் சங்கிலி

என் மகள் வாயில் மிட்டாயை ஒதுக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜனவரி மாதம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கன்னம் புடைத்துத் தெரிந்தது. துப்பு என்றேன். வாயில் ஒன்றுமில்லை என்றாள். பல் தேய்த்த வாயில் காலையிலேயே மிட்டாயா என்று ஓர் அதட்டல் போட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். அவளால் திறக்க முடியவில்லை. வலியில் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் கை வைத்துப் பார்த்தேன். காதுமடலுக்கு அடியிலிருந்து தாடை வரை கெட்டியாக, சூடாக வீங்கியிருந்தது.

முதலில் திட்டிவிட்டு அப்புறம் பார்ப்பது என் சுபாவம். பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கும்தான்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஏழு. தி. நகரில் இரண்டாவது மாடியில், இரண்டே படுக்கையறை உள்ள வாடகை வீடு. என் கணவரும் அவருடைய அண்ணனும் நடந்துபோகிற தூரத்தில் ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மதியச் சாப்பாடுகூட கேரியரில் கடைக்குப் போய்விடும். அதனால் பையனை வேனில் ஏற்றிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன். கணவரிடம் போனில் சொன்னபோது, அப்படியா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா என்றார். பின்னால் யாரோ வேட்டியில் கரை அகலம் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டார். தடுப்பூசி அட்டையைக் கேட்டார். இரண்டு பிள்ளைகளின் அட்டையிலும் அந்த ஊசிக்கான கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. மகளுக்குப் போட வேண்டிய சமயத்தில் நான் தம்பியைப் பெற ஊருக்குப் போயிருந்தேன். தம்பிக்குப் போட வேண்டிய சமயத்தில் கொரோனாவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. சமயம் தப்பினால் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு, பிறகு சுத்தமாக மறந்துவிட்டேன்.

தனி மருந்து கிடையாது, காய்ச்சலுக்கு மட்டும் கொடுங்கள், புளிப்பு வேண்டாம், கஞ்சியாகக் கொடுங்கள், ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றார். தம்பிக்கும் ஒட்டியிருக்கலாம், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும் என்றார். ஆண் பிள்ளைக்கு வந்தால் விதையில் இறங்கிவிடும் என்று சொல்வார்களே என்று கேட்டேன். அது வயசுக்கு வந்த பையன்களுக்குத்தான் பெரும்பாலும், இவன் சின்னப் பிள்ளை, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நான் எழுந்து கைப்பையை மூடிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் சொன்னார். அபூர்வமாகச் சிலருக்குக் காது பாதிக்கும். காது இரைச்சல், கேட்பதில் வித்தியாசம், தலைசுற்றல் எதுவானாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். சரிங்க டாக்டர் என்றேன். செருப்பை மாட்டும்போது என் மனதில் பையன் மட்டும்தான் இருந்தான்.

வீட்டில் வேலை செய்யும் அக்கா கோடம்பாக்கத்திலிருந்து வருகிறவர். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் மகளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னாக்கா, பாப்பாவுக்கு இப்டி வீங்கிக்கினு கீது? பொன்னுக்கு வீங்கிதான். கய்த்துல தங்கம் போட்டு வுடு. தானா வடிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் சின்ன வயதில் இது வந்து, கழுத்தில் அம்மாவின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு நான் மகாராணி மாதிரி வீட்டில் உலாத்தியது ஞாபகம் வந்தது. நான் பி.காம். படித்தவள். வைரஸுக்குத் தங்கம் வெள்ளி தெரியாது என்கிற அளவுக்கு விவரம் உண்டு. ஆனாலும் பீரோவைத் திறந்தேன். நகையெல்லாம் வங்கி லாக்கரில் இருக்க, திடீரென்று ஒரு கல்யாணம் வந்தால் போட்டுக்கொள்ள ஒரே ஒரு முறுக்குச் சங்கிலி வீட்டில் இருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. போட்டால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். மகளின் கழுத்தில் மாட்டி, வீங்கின இடத்தில் படுகிற மாதிரி இழுத்துவிட்டேன். அவள் அந்த வலியிலும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நிஜமாவே சரியாயிடுமாம்மா என்று கேட்டாள். ஆமா, கழட்டக் கூடாது, தங்கம் கழுத்துல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது என்றேன். குழந்தையிடம் அப்படித்தானே சொல்வோம்.

அன்று மத்தியானம் அடையாறிலிருந்து போன் வந்தது. என் கணவரின் அண்ணன் மனைவி. பிள்ளைகளுக்குப் பெரியம்மா, எனக்கு அக்கா முறை. அவருக்கு இரண்டும் பெண்கள், இரண்டும் கல்லூரியில் படிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து என் மகன் ஒருவன்தான் ஆண். கடை அவனுக்குத்தான் என்று அவன் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. அக்கா நல்லவர், பிள்ளைகள்மேல் பிரியமானவர். ஆனால் அன்றைக்கு அவர் பேசின அரைமணி நேரமும் பையனைப் பற்றித்தான். அவர்கள் ஊரில் யாருக்கோ சின்ன வயதில் இது வந்து, பிறகு கல்யாணமாகிக் குழந்தையே இல்லாமல் போன கதையைச் சொன்னார்.

"பொம்பளப் பிள்ளைக்கு வந்தா வந்துட்டுப் போயிரும்" என்றார். "அவன ஒட்டவிடாமப் பாத்துக்கோ, அதான் முக்கியம்."

டாக்டர் வேறு மாதிரி சொன்னாரே என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை. எனக்குள் ஏற்கெனவே இருந்த பயத்தைத்தான் அவர் எடுத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டை இரண்டாகப் பிரித்தேன். மகள் உள்ளறையில். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. டம்ளர் மாறிவிடாமல் இருக்கச் சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைத்தேன். பாத்ரூமுக்கு அவள் போய்விட்டு வந்தால் குழாய்ப் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கதவு சாத்தியே இருக்க வேண்டும். இருவரும் ஒரே கட்டிலில் படுத்து ஒரே போர்வைக்குச் சண்டை போடுகிறவர்கள். முதல் நாள் பையன் அக்கா இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தான். இரண்டாவது நாள் தானே சாப்பிட்டான். சரி, பழகிவிட்டான் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துவிட்டு வந்தபோது விஷயம் தெரிந்தது. உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே தரையில் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவள் கதைப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஒரு முறுக்கு. கடிக்க முடியவில்லை என்று அவள் ஓரத்தை ஊறவைத்துச் சப்பிவிட்டு வைத்ததை இடுக்கு வழியாக வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

கோபம் வந்தால் எனக்குத் தூத்துக்குடி நாக்கு வந்துவிடும். முறுக்கைப் பிடுங்கி எறிந்தேன். பையனை இழுத்துக்கொண்டுபோய் வாய் கொப்பளிக்க வைத்தேன். திரும்பி வந்து கதவருகில் நின்று மகளைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏட்டி, இத வீட்டுக்குக் கொண்டாந்ததே நீதான். அவனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, அப்புறம் இருக்கு உனக்கு."

வீங்கின முகத்தில் அழுகிறாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

நாலாவது நாள் வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. காய்ச்சல் இல்லை. இட்லி சாப்பிட்டாள். என் நிம்மதி ஒரு காபி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு இந்த நோய் எத்தனை நாளில் ஒட்டும் என்று திரும்பத் திரும்பத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த முறுக்குதான் கண்முன் வந்தது. சோறு குழைந்துபோனது. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வந்த பிறகு போட்டே இவளுக்கு இவ்வளவு சீக்கிரம் வடிந்ததென்றால், வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் என்ன? இதை எந்த ஊர்ப் பழக்கத்திலும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தது. பயந்துபோனவளின் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

மகளின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரத்தோடு பையன் கழுத்தில் மாட்டினேன். உனக்குத்தான் சரியாயிடுச்சே என்று அவளிடம் சொன்னேன். கழுத்தைத் தடவிக்கொண்டே சரிம்மா என்றாள்.

ஐந்தாவது நாள் அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். ஆறாவது நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறை சுத்துதும்மா என்றாள். வாந்தி எடுத்தாள். நாலு நாள் கஞ்சி குடித்த வயிறு, பித்தம் என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். மத்தியானம் காதுக்குள் ஃபேன் ஓடுகிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள். தலைக்கு ஊற்றினபோது தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி வலது காதில் பஞ்சு வைத்தேன். அந்த நேரத்தில் பையனைப் பள்ளி வேனிலிருந்து இறக்கப் போக வேண்டும். அவன் கன்னத்தைப் படியிலேயே தொட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் மூன்று வார்த்தை சொல்லியிருந்தார். இரைச்சல், கேட்பது, தலைசுற்றல். அதில் இரண்டை என் மகள் ஒரே நாளில் என்னிடம் சொன்னாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு நாளில் தலைசுற்றல் நின்றது. பொங்கல் வந்தது. அவளே கோலம் போட்டாள். ஆகவே அவள் விஷயம் முடிந்தது என்று மனதில் ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டேன். காலண்டரில் பையனுக்கு மட்டும் நாள் எண்ணினேன். பதினாலு, பதினைந்து, பதினாறு. தினமும் எழுந்ததும் அவன் தாடை, பள்ளிவிட்டு வந்ததும் அவன் தாடை. எச்சில் விழுங்கு, வலிக்குதா, இன்னொரு தடவை விழுங்கு. அவன் சலித்துப்போய் எனக்கு எச்சிலே இல்லை என்று சொல்லிவிட்டான்.

பதினேழாவது நாள் அவனுக்கு வீங்கியது. இரண்டு பக்கமும். கழுத்தில் சங்கிலி இருக்கும்போதே.

உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், வேலை செய்யும் அக்கா முன்னாலேயே அழுதேன். கணவருக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை கால்மணி நேரத்தில் வந்துவிட்டார், கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, கையில் இரண்டு இளநீரோடு. அடையாறு அக்கா ஆட்டோ பிடித்து வந்தார். ஹாலில் நாலு பேர் சுற்றி நின்று பையனைப் பார்த்தோம். மகள் பள்ளியிலிருந்து வந்து, சீருடையோடு, பையை இறக்காமல் ஓரத்தில் நின்றாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியும்.

அடுத்த பத்து நாள் அந்தப் பையன் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் ஒரு தடவை, குளிக்கும்போது ஒரு தடவை, மத்தியானம், சாயங்காலம் என்று நாலு வேளையும் அவன் டிரவுசரைக் கழற்றிப் பார்த்தேன். வலிக்கிறதா, கனமாக இருக்கிறதா என்று கேட்டேன். கூச்சத்தில் அவன் தலையணையை எடுத்து மூடிக்கொண்டான். டாக்டரிடம் மூன்று முறை கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது முறை அவருக்கே பொறுமை போய்விட்டது. நீங்க இப்படிப் பண்ணினா நோயால இல்ல, உங்களாலதான் அவனுக்கு எதாவது ஆகும் என்றார். பெரியவளுக்கு எப்படி இருக்கு என்றும் கேட்டார். அவ எப்பவோ நல்லாயிட்டா டாக்டர் என்றேன். என் வாயால் சொன்னேன்.

மகளுக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போனதால் இனி ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பையன் அறையில் அவள் தாராளமாகப் போய்வந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் கை கால் கழுவி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கஞ்சி ஊட்டுவாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மற்ற நேரத்தில் அவள் என்னை எரிச்சல்படுத்திக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடுப்படியிலிருந்து மூன்று தடவை கத்த வேண்டும். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் என் இடப்பக்கம் உட்காருகிறவள் எழுந்து வலப்பக்கம் போய்விட்டாள். கேட்டால், சும்மாதான் என்றாள். வயது அப்படி, என்மேல் கோபம், முறைத்துக்கொள்கிறாள் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஒரு நாள் பால் பொங்கி வழிய, அடுப்பை அணைக்கச் சொல்லி ஹாலிலிருந்து நான் கத்தியது அவளுக்கு ஏறவே இல்லை.

"ஏட்டி, காது என்ன செவிடா?"

இதை நான் அந்த ஒரு நாள்தான் சொன்னேன் என்றில்லை. எங்கள் வீட்டில் அது தினமும் புழங்குகிற வார்த்தை.

பையனுக்கு வீக்கம் வற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விளையாட்டைக் கவனித்தேன். அவள் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திவிட்டு, மறு காதில் ஏதோ கிசுகிசுப்பாள். அவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரோட்டா. சார்ஜர். பட்டினப்பாக்கம். பிறகு அந்தப் பக்கம் மாறுவாள். அவன் சரியாகச் சொன்னால் அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டுமே, இவள் சிரிக்கவில்லையே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, டாக்டர்கிட்டப் போகணும். தம்பிக்கு இந்தக் காது கேக்க மாட்டேங்குது. எனக்குப் போன மாதிரியே."

எனக்கு முதலில் தம்பி என்ற சொல்தான் காதில் விழுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். பையன் கட்டிலில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கேட்டுச்சும்மா, தெனம் இதே கேம்தான், போரடிக்குது, அதான் கேக்கலன்னு சும்மா சொன்னேன் என்றான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன். திரும்பி அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் வாசற்படியில் நின்று, அவன் சிரிப்பதைப் பார்த்து, அழுதுகொண்டே தானும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். அப்போதுதான் அவள் சொன்ன மீதி என் காதில் விழுந்தது.

உனக்குப் போன மாதிரின்னா என்ன என்று கேட்டேன். அவள் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். எப்போதிலிருந்து என்றேன். பொங்கலுக்கு முன்னாலிருந்து என்றாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, இடது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, வலது பக்கத்தில் குனிந்து அவள் பெயரைச் சொன்னேன். அசையவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கும் அசையவில்லை. அவள் காதருகில் நின்று, அவளுக்கு நான் வைத்த பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்து, நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே" என்றாள். "பஞ்சு வச்சியே."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, தம்பிக்கு வந்துவிட்டது, நீ அழுதுகொண்டே இருந்தாய் என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

மறுநாளே மயிலாப்பூரில் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கணவரும் கடைக்குப் போகாமல் வந்தார். சின்னதாக ஒரு கண்ணாடி அறை. அதற்குள் அவளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். இடது காதுக்கு வைத்தபோது அவள் விரல் டக் டக் என்று அழுத்தியது. வலது காதுக்கு மாற்றினார்கள். விரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தவள், கண்ணாடிக்கு வெளியே மெஷினைத் திருகுகிற பெண்ணின் கையையே பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கை அசையும்போது பொத்தானை அழுத்தினாள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வந்தார். பிறகு அவள் ஒருமுறைகூட அழுத்தவில்லை. என் கணவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

காது மருத்துவர் பரிசோதனையில் வந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார். இந்த நோயில் உள்காதில் இப்படி ஆவதுண்டு, ஒரு காது நன்றாக இருப்பதால் படிப்புக்குக் குறையில்லை, வகுப்பில் வலப்பக்கச் சுவரோரமாக உட்காரட்டும், சாலையைக் கடக்கும்போது கவனம் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன்.

"உடனே வந்திருந்தா மருந்து கொடுத்துப் பாத்திருக்கலாம்" என்றார். "சரியாயிருக்கும்னும் சொல்ல முடியாது. ஆயிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் இன்னும் விடவில்லை. ஒரு நாள் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறேன், மறுநாள் இரண்டாவதை.

திரும்பும்போது என் கணவர் கடைச் சாவி தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வண்டியில் முன்னால் போய்விட்டார். நானும் மகளும் ஆட்டோவில் ஏறினோம். அவள் வலது ஓரத்தில் உட்கார்ந்து, என்னைத் தன் இடப்பக்கம் உட்காரச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் அவள் ஏன் இடம் மாறினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. லஸ் முனை தாண்டியதும் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஆட்டோ ஊர்ந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, சங்கிலிய நாலு நாள்லயே கழட்டிட்டோம்ல. அதனாலயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தங்கம் கழுத்தில் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். நாலாம் நாள் கழற்றினது நான். ஆறாம் நாள் அவளுக்கு அறை சுற்றியது. ஒரு மாதமாக அவள் தனியாக இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அந்தச் சங்கிலி தம்பி கழுத்தில் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு, அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

இல்லவே இல்லை என்றேன். சங்கிலிக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதெல்லாம் சும்மா, யாரோ எப்பவோ சொன்னது, அதைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"சும்மான்னா, தம்பிக்கு ஏன் வர்றதுக்கு முன்னாடியே போட்டே?"

"பயத்துலம்மா. அவனுக்கு என்ன ஆயிடுமோன்னு பயம்."

அவள் வெளியே பார்த்தாள். பிறகு திரும்பி, நல்ல காது என் பக்கம் இருக்க, என் முகத்தையும் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு வந்தப்ப பயமா இல்லையா?"

இருந்தது என்றேன். அது பொய்யில்லை. எத்தனை நாள் இருந்தது என்று அவள் கேட்கவில்லை.